கேரியரம்மாவின் வீட்டுக்காரர்

சுப்பராயனுக்கு எழுபத்து நான்கு வயது. பக்கவாதம் வந்து இரண்டரை வருடம் ஆகிறது. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சு கொஞ்சம் குழறும், பழகினால் புரியும். காலை எட்டு மணியிலிருந்து மாலை ஆறு வரை அவரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. குளிப்பாட்டுவேன், மாத்திரை கொடுப்பேன், புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பேன், கையையும் காலையும் மடக்கி நீட்டுவேன்.

தினமும் ஒருவரைக் குளிப்பாட்டினால் அவரைப் பற்றி எல்லாம் தெரிந்துவிடும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். உடம்பைப் பற்றித் தெரியும். முதுகில் எந்த இடத்தில் தோல் சிவக்கிறது, எந்த முட்டி மழைக்கு முன்னால் வலிக்கிறது என்று தெரியும். அதற்கு மேல் அவர்களாகச் சொன்னால்தான் உண்டு. சுப்பராயன் அதிகம் சொல்கிற ஆள் இல்லை.

அயனம்பாக்கத்துக்காரர். அப்பா காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்த நிலம் இருந்தது. இவர் ஏரைத் தொட்டதில்லை. இருபத்திரண்டு வயதில் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராகச் சேர்ந்து, முப்பத்தாறு வருடம் காக்கிச் சட்டை போட்டுவிட்டு வெளியே வந்தார். நிலம் இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் குடியிருப்பு. கீழ்த்தளத்தில் முன்பக்க வீடு இவர்களுக்கு. மகள் அகல்யா அம்பத்தூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் கணவருக்கு ஓசூரில் வேலை, மாதம் இரண்டு தடவை வருவார்.

வலது கை விழுந்தவர்களிடம் முதலில் வருவது சோற்றுச் சண்டை. கழுவுகிற கையால் எப்படிச் சாப்பிடுவது என்பார்கள். ஊட்டிவிடு என்று வாயைத் திறந்துகொண்டு உட்காருவார்கள். ஊட்டிவிட்டால் இருக்கிற ஒரு கையும் சோம்பேறி ஆகிவிடும். ஓய்வு பெற்ற தாசில்தார் ஒருவரோடு இதற்காக ஐந்து வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன். சுப்பராயன் முதல் நாளே இடது கையை நீட்டிக் கழுவச் சொன்னார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிசைந்து சாப்பிட்டார்.

"கூச்சமா இல்லையா அண்ணே?" என்று கேட்டேன்.

"கையில இன்னா கீது ஞானம்மா. சோறு உள்ள போனா சரி" என்றார்.

நல்ல நோயாளி என்று நினைத்துக்கொண்டேன். காரணம் கேட்கவில்லை.

சுவரில் அவர் மனைவி கன்னியம்மாளின் படம் இருக்கிறது. பதினோரு வருடங்களுக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியவர் தண்டவாளத்தைக் குறுக்கே கடந்திருக்கிறார். ஒரு வண்டி நின்றிருந்தது, அதன் மறைவில் இன்னொரு வண்டி வந்தது. அவ்வளவுதான். ஆனால் அந்த வாரம் வீட்டில் ஏதோ சின்னச் சண்டை நடந்தது பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால் அவளாகத்தான் போய் விழுந்தாள் என்று பேசினார்கள். செத்த பிறகும் சாயங்காலத்தில் ஸ்டேஷனில் அவள் நிற்பதைப் பார்த்ததாகக் கூட ஒருத்தி சொன்னாள். சுப்பராயன் ராமேஸ்வரம் போய்ச் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டு வந்தார். "அவ அவசரக்காரி. அவ்ளோதான். போய்ச் சேந்துட்டா" என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். கேட்காதவர்களிடமும் சொன்னார்.

அவருக்கு ஒரு மகனும் உண்டு. தமிழ்வாணன், முப்பத்தாறு வயது. பூந்தமல்லியில் வாடகைக்கு இருக்கிறான், விளம்பரங்களுக்குப் படம் வரைவது தொழில். நான்கு வருடங்களுக்கு முன்னால் அவன் ஒரு காமிக்ஸ் புத்தகம் வரைந்தான். பெயர் 'கேரியரம்மா.' தண்டவாளத்தில் அடிபட்டுச் செத்த ஒரு பெண், கடைசி வண்டி போன பிறகு நடைமேடையில் நான்கடுக்குக் கேரியரோடு வந்து நிற்பாள். வண்டியை விட்டுவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சோறு போடுவாள். கெட்டவன் வந்தால் அதே கேரியரைத் திறப்பாள், உள்ளே வேறு ஏதாவது இருக்கும்.

மகன் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஆசையாக வந்தானாம். அப்பா அட்டையை மட்டும் பார்த்தார்.

"ஊர்க்காரன் சொன்னத நீயும் படம் போட்டு சொல்லிட்டியா. நான் அவள அனுப்பி வெச்சிட்டு வந்தேன். நீ இட்டாந்து மறுபடியும் ஸ்டேஷன்ல நிக்க வெச்சிட்ட. இனிமே இந்த ஊட்டு வாசப்படி ஏறாத."

அவன் ஏறவில்லை. அப்பா மருத்துவமனையில் கிடந்த பதினேழு நாளும் வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனான். இது அகல்யா சொல்லி எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

இந்த வருடம் அந்தப் புத்தகம் சினிமாவாக வந்தது.

"ஞானம்மா, நைனா முன்னாடி அந்தப் பேரை எடுக்காதீங்க. டிவில விளம்பரம் வந்தா மாத்திடுங்க" என்றாள் அகல்யா. டிவியை மாற்றலாம், தெருவை மாற்ற முடியுமா? எதிர்ச் சுவரிலேயே போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். மாடியில் இருக்கும் நிவேதிதா கரூர்ப் பெண், ஐடி கம்பெனியில் வேலை. அவள் வண்டியைத் துடைத்துக்கொண்டே வாட்ச்மேனிடம் படத்தின் கதை முழுவதையும் சொல்லி முடித்தாள். ஜன்னல் திறந்திருந்தது. சுப்பராயன் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார்.

இடது கை விரல்களுக்குப் பயிற்சியாக இருக்கட்டும் என்று ஃபோனைத் தள்ளிப் பார்க்க நான்தான் பழக்கியிருந்தேன். ஏரியில் மீன் பிடிக்கிற வீடியோவாகப் பார்ப்பார். படம் வந்த வாரம் மீனை விட்டுவிட்டார். தியேட்டர் வாசலில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, வெளியே வருகிறவர்களிடம் படம் எப்படி என்று கேட்கிறார்களே, அந்த வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இன்டர்வெல் சீன்ல சீட்ட வுட்டு எழுந்துட்டேன் ப்ரோ."

"பேய்ப் படம்னு வந்தேங்க. எங்கம்மா ஞாபகம் வந்துருச்சு."

"செகண்ட் ஆஃப் இழுத்துட்டான் மாமே. அந்தம்மா கேரியர தொறந்து மூடுறதுக்குள்ள ஒரு டீ சாப்ட்டு வந்துடலாம்."

"எனுக்கும் ஒரு கேரியர் எடுத்துகினு வரச் சொல்லுங்க. ரெண்டு முட்ட வெச்சி." இப்படிச் சொன்ன ஆள் கொஞ்சம் குடித்திருந்தார்.

ஒன்று முடிந்தால் அடுத்தது. முடிந்ததையே மறுபடியும் வைப்பார். மூன்றாம் நாள் நான் கேட்டேன்: "அதுல என்னதான் தேடுறீங்க அண்ணே?"

"ஜனம் அவள இன்னா சொல்லுதுன்னு பாக்குறேன்." அடுத்த வீடியோவைத் தள்ளிவிட்டு, "சிரிக்கிறானுங்களா, பயப்படுறானுங்களா, ஒண்ணும் புரியல" என்றார்.

"ரெண்டும் பண்றாங்க."

"அதான். நேர்ல போய்ப் பாக்கணும். இட்டுகினு போ."

அகல்யாவிடம் சொன்னேன். பிரஷர் ஏறினால் என்ன செய்வது என்றாள். வீட்டில் படுத்துக்கொண்டு இதையே நினைத்தாலும் ஏறும் என்றேன். டாக்டரைக் கேட்டோம். போகலாம், அன்று காலை சிறுநீர் மாத்திரையை மட்டும் வீட்டுக்கு வந்த பிறகு கொடுங்கள் என்றார்.

புதன்கிழமை காலை பத்தரை மணிக் காட்சி. கூட்டம் குறைவாக இருக்கும். தியேட்டரில் விசாரித்தேன். பின்பக்கம், பாப்கார்ன் மூட்டைகள் ஏற்றுகிற வழியில் சரிவுப் பாதை இருக்கிறது, அதில் சக்கர நாற்காலியைத் தள்ளலாம் என்றார்கள். தூக்கி உட்கார வைக்க இன்னோர் ஆள் வேண்டும். நிவேதிதா, "நான் ரெண்டு தடவை பார்த்துட்டேன், மூணாவது தடவையும் வர்றேன். லீவு போட்டுக்குறேன்" என்றாள். இவர் யார் என்று நான் அவளிடம் சொல்லவில்லை. பேய்ப் படம் பார்க்க ஆசைப்படுகிற பெரியவர் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியவர்களுக்கான நாப்கின் கட்டியபோது மட்டும் முறைத்தார்.

"எனுக்கு வேணா. அடக்கிப்பேன்."

"மூணு மணி நேரம். பேய் வேற வருது. கட்டிக்கிட்டுத்தான் போறோம்."

சிரித்துவிட்டார்.

நடுப் பாதையை ஒட்டிய கடைசி இருக்கையில் அவரை உட்கார வைத்து, வலது பக்கம் தலையணை சொருகினேன். வாசலில் போஸ்டர் முன்னால் நிவேதிதா தன்னுடைய காமிக்ஸ் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு படம் எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முன் வரிசையில் கல்லூரிப் பையன்கள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு அந்தப் பக்கம் இரவு ஷிப்ட் முடித்துக் கம்பெனிச் சீருடையிலேயே வந்த பெண்கள். எங்களுக்குப் பின்னால் இரண்டு அம்மாக்கள், அக்கா தங்கை போல, பையில் முறுக்கு வைத்திருந்தார்கள்.

படம் ஆரம்பித்தது. சுப்பராயன் திரையைப் பார்க்கவில்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டேன். கேரியரம்மா முதலில் வந்து நின்றபோது ஒரு பெண் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு, அதன் வழியாகவே பார்த்தாள். பையன்கள் விசிலடித்தார்கள்.

"தலைவி வந்துட்டாடா."

"இன்னாத்துக்கு விசிலு?" என்று என்னைக் கேட்டார் சுப்பராயன்.

"பிடிச்சிருக்கு போல."

"பேய புடிச்சிருக்கா?" என்றார். நாடி நூற்றுப் பத்து ஓடியது.

வில்லன் முன்னால் அவள் கேரியரைத் திறந்தாள். உள்ளே என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டது. அலறி முடித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். பயந்தவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள். அவர் முகம் இறுகிப் போயிருந்தது. இடைவேளையில் பிஸ்கட்டும் தண்ணீரும் கொடுத்தேன். வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டினார்.

இரண்டாம் பாதியில் ஒரு காட்சி. மழை. நடைமேடையில் ஐந்தாறு பேர் ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு பிச்சைக்காரர், ஒரு செக்யூரிட்டி, ஊருக்குப் போகக் காசில்லாத ஒரு பெண். கேரியரம்மா வரிசையாகச் சோறு போட்டுக்கொண்டே வருகிறாள். பாட்டு இல்லை, பேச்சு இல்லை. தியேட்டரே கப்பென்று அடங்கிவிட்டது. பையன்களில் ஒருவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான், பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையில் அடித்தான்.

பின்னால் இருந்த அம்மா தன் தங்கையிடம் சொன்னாள்: "எல்லாருக்கும் போட்டுகினே கீறா. அவ ஒரு வாய் துன்னாளா பாரு. பாவம், யாரு பெத்த பொண்ணோ."

"செத்தும் ஓய்வு இல்ல பாரேன். நம்மள மாதிரி" என்றாள் தங்கை. மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

சுப்பராயன் தலையைத் திருப்பி அந்த இருவரையும் நன்றாகப் பார்த்தார். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. பக்கவாதக்காரர்களுக்கு அது சட்டென்று வரும், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. துடைத்துவிட்டேன். அதன் பிறகுதான் அவர் திரையைப் பார்த்தார். பார்த்த இரண்டாவது நிமிடம் உரக்கச் சொன்னார்:

"தப்பு."

"மெதுவா அண்ணே."

"தப்பு ஞானம்மா. சோத்துக் கையில போடுறா."

"தாத்தா, படம் பாருங்க தாத்தா" என்றான் முன் வரிசைப் பையன். மரியாதையாகத்தான் சொன்னான்.

வெளியே வந்தோம். வாடகை வேன் வர நேரம் இருந்தது. மைக்கோடு ஓர் ஆள் நின்றிருந்தார். சக்கர நாற்காலியைப் பார்த்ததும் நேராக எங்களிடம் வந்துவிட்டார், அவருக்கு அது நல்ல காட்சி.

"ஐயா, இந்த வயசுல வந்து பாத்திருக்கீங்க. படம் எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் கீது. அந்தம்மா சோத்துக் கையில சோறு போடுது. அது தப்பு. அவ பீச்சாங்கைக்காரி."

"யாரு ஐயா?"

"அவதான். கேரியரம்மா. சோத்துக் கையில போட்டா பாதி கீழ சிந்தும். அவளுக்கு வராது. இவுங்க இன்னாடான்னா ஓட்டல் சர்வரு மாதிரி போட வெச்சிக்கிறாங்க."

மைக்காரர் சிரித்தார். "தாத்தா, நீங்க காமிக்ஸ் ஃபேனா?"

"நான் இன்னாத்துக்குப் படிக்கணும்?"

அப்போது நிவேதிதா குறுக்கே வந்தாள். "ஆனா தாத்தா சொல்றது சரிங்க. காமிக்ஸ்ல அவ இடது கைக்காரிதான். படத்துல மாத்திட்டாங்க. இடது கையில சோறு போட்டா ஜனங்க தப்பா எடுத்துக்குவாங்கன்னு மாத்தினதா டைரக்டரே பேட்டியில சொன்னாரு. எங்களுக்கெல்லாம் அதுலதான் கோபம்."

சுப்பராயன் கழுத்தைத் திருப்பி அவளைப் பார்த்தார். "எதுல இடது கை?"

"புக்ல தாத்தா." பையிலிருந்து எடுத்துப் பக்கத்தைப் புரட்டி அவர் மடியில் வைத்தாள். மைக்காரர் வேறு ஆளைப் பார்த்துப் போய்விட்டார்.

நானும் குனிந்து பார்த்தேன். அதே மழைக் காட்சி. எல்லோருக்கும் வலது கையால் போடுகிறாள். சோறு சிந்தித் தரையில் கிடக்கிறது. கடைசிக் கட்டத்தில் தூணில் சாய்ந்தபடி ஒரு காக்கிச் சட்டைக்காரர், முதுகு மட்டும்தான் தெரிகிறது. அவர் முன்னால் அவள் குந்தி உட்கார்ந்திருக்கிறாள். அவருக்கு மட்டும் இடது கையால் போடுகிறாள். ஒரு பருக்கை சிந்தவில்லை.

அந்த ஆளின் இடது காது மேலே கொஞ்சம் மடங்கியிருந்தது. அந்தக் காதை நான் தினமும் ஈரத் துணியால் துடைக்கிறேன்.

"யாரு இவன்?" என்று கேட்டார் சுப்பராயன். குரல் வழக்கத்தைவிடக் குழறியது.

"தெரியல தாத்தா. கடைசி வரைக்கும் மூஞ்சியக் காட்டவே மாட்டாரு. படத்துல இந்தக் கேரக்டரையே எடுத்துட்டாங்க. ஃபேன்ஸ் இவரு யாருன்னு சண்டை போட்டுக்குவோம். நிறையப் பேரு இவரும் ஒரு பேய்னு சொல்றாங்க."

"பேய் இல்லம்மா" என்றார் சுப்பராயன். "ரிட்டையர்டு ஃபிட்டரு."

நிவேதிதா என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியின் பிரேக்கை எடுத்தேன். வேன் வந்துவிட்டது.

வேனில் அவராகவே பேசினார். கல்யாணமான புதிதில் கன்னியம்மாள் இடது கையால் பரிமாறியதைப் பார்த்து அவருடைய அம்மா கரண்டியைப் பிடுங்கினாராம். வீட்டில் யாரும் அந்தக் கையால் போட்ட சோற்றைத் தொட மாட்டேன் என்றார்கள். அவள் வலது கையால் போடப் பழகினாள். கடைசி வரை சரியாக வரவில்லை, சிந்தும், அதற்கும் திட்டு வாங்குவாள். இவர் இரவு ஷிப்ட் முடிந்து காலையில் வரும்போது எல்லோரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். சமையலறையில் இவர் மட்டும். "எனுக்கு உன் கையால போடு. எந்தக் கை வருதோ அந்தக் கையால போடு" என்று முதல் வாரமே சொல்லிவிட்டாராம்.

"யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். "இந்தப் பையன் எங்கிருந்து பாத்தான்?"

வீட்டுக்கு வந்து மாத்திரை கொடுத்தேன். பிரஷர் நூற்று நாற்பது. பரவாயில்லை. சாயங்காலம் அகல்யா வந்ததும், "அந்தப் புக்கு உன்னாண்ட கீதா?" என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பரீட்சைத் தாள்களின் கட்டுக்கு அடியிலிருந்து எடுத்து வந்தாள். மூன்று நாள் படித்தார். பக்கத்தைத் திருப்ப என்னைக் கூப்பிடவில்லை. நடுவில் நடுவில், "இந்தப் பொடவ அவளாண்ட இல்ல" என்பார். "கேரியர் மூடி சரியா போட்டுக்கிறான்" என்பார்.

அதற்குள் அந்த மைக்காரரின் வீடியோ எல்லா ஃபோனிலும் வந்துவிட்டது. 'பீச்சாங்கைத் தாத்தா' என்று பெயர் வைத்திருந்தார்கள். 'தாத்தா பேசும்போது அவரும் கேரியரம்மாகிட்ட சாப்பிட்ட மாதிரியே இருக்கு' என்று யாரோ எழுதியிருந்தார்கள். தமிழ்வாணன் அதைப் பார்த்துவிட்டு அக்காவுக்கு ஃபோன் செய்தான். பேசவில்லையாம். அழுதுவிட்டு வைத்துவிட்டானாம். சனிக்கிழமை சுப்பராயன், "அவன வரச் சொல்லு. திட்டத்தான் கூப்புடுறேன்னு சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு விடுமுறை. ஆனாலும் போனேன். அந்த மாதிரி நாளில் பிரஷர் பார்க்க ஆள் வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு வந்தான். வாசற்படியில் நின்றுவிட்டான். தாடி, ஒல்லி, தோளில் ஒரு பை. கன்னியம்மாளின் படத்தில் இருக்கும் அதே நெற்றி.

"உள்ள வா. அங்கயே நின்னுகினு இன்னா பண்ற, நீயும் கேரியர் தூக்கப் போறியா?" என்றார் சுப்பராயன்.

வந்து கட்டிலருகே நின்றான். அப்பாவின் வலது கையைப் பார்த்தான். அந்தக் கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான். அதில் உணர்ச்சி குறைவு என்று சொல்ல நினைத்தேன், சொல்லவில்லை.

"பித்தான் அஞ்சு போட்டிருக்க" என்றார் அப்பா.

"எதுல நைனா?"

"எங்க கம்பெனி சட்டையில. அது ஆறு பித்தான் வெச்சது. முதுகுப் பக்கம் வரைஞ்சதால தப்பிச்ச, இன்னொரு பக்கத்துல அதே காக்கியில ஒருத்தன் முன்னாடி பாத்துகினு நிக்கிறான் பாரு, அவன் சட்டையில அஞ்சு."

"சரி நைனா."

"நீ எப்படா பாத்த? அவ எனுக்குப் போடுறத."

"காலையில நான் ஸ்கூலுக்குக் கெளம்பச் சொல்லோ நீ சாப்ட்டுகினு இருப்ப. கதவு சந்துல பாப்பேன். அம்மா மூஞ்சி அப்ப மட்டும் வேற மாதிரி இருக்கும்."

அகல்யா உள்ளே போய்விட்டாள். பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. கழுவ அங்கே எதுவும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

சுப்பராயன் இத்தனை வருடமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்டார். "இவ்ளோ தெரிஞ்சவன், ஏண்டா அவளப் பேயின்னு போட்ட? ஊர் வாய மூடத்தான நான் அவ்ளோ பாடுபட்டேன்."

"ஊர் சொன்னதுக்காகப் போடல நைனா" என்றான். "நீ அம்மா போய்ச் சேந்துட்டா, போய்ச் சேந்துட்டான்னு சொல்லிகினே இருந்த. எனுக்கு அவ வரணும். செத்துப் போனவங்க வேற எப்படி நைனா வருவாங்க? பேயாத்தான் வர முடியும்."

நான் மணி பார்த்தேன். பன்னிரண்டரை. சாப்பாட்டு நேரம். பதினைந்து நிமிடம் தள்ளினால் ஒன்றும் ஆகாது.

"தியேட்டர்ல ஒருத்தி சொன்னா" என்றார் சுப்பராயன். "அவ ஒரு வாய் துன்னாளா பாருன்னு. அம்மாம் பேரு பாத்தானுங்க, விசிலடிச்சானுங்க, அந்தம்மாக்குத்தான் அது தோணிச்சு. எனுக்குக் கூடத் தோணல. அவ போட்டா, நான் துன்னேன்."

மகன் அந்தக் கையைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"அடுத்தது எழுதுறியாமே. அகல்யா சொன்னா."

"ஆமா நைனா. இன்னும் ஆரம்பிக்கல."

"அதுலயும் அங்கயே நிக்க வெப்பியா?"

"தெரியல. நீ சொல்லு."

"ஊட்டுக்கு வரட்டும்" என்றார். "மழையில, வெயில்ல, இன்னும் எத்தினி நாளு. ஊட்டுக்கு வந்து உக்காந்து ஒரு வாய் சாப்புடட்டும். நான் போடுறேன்னு எழுது."

தமிழ்வாணன் பையிலிருந்து நோட்டையும் பென்சிலையும் எடுத்தான். எழுதுவதற்கா, முகத்தை மறைத்துக்கொள்வதற்கா என்று தெரியவில்லை. குனிந்தபடியே கேட்டான்: "எந்த வண்டில வருவா நைனா? கடைசி வண்டிலயா?"

"அது வேணா. பாதையெல்லாம் இருட்டாக் கெடக்கும்." சுப்பராயன் யோசித்தார். ஷிப்டுக்குப் போய் வந்த முப்பத்தாறு வருடத்து வண்டிகளும் அவருக்கு மனப்பாடம். "சாயங்காலம் நாலு இருபதுக்கு ஒண்ணு கீது. கூட்டம் இருக்காது. ஜன்னல் ஓரமா உக்காந்துகினு வரட்டும்."

அவன் எழுதிக்கொண்டான். நான் தட்டை எடுக்க உள்ளே போனேன்.